கீச் கீச்சுக்கு நடுவே

1

ஆரணியிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி குளிரைப் பற்றித்தான். மைனஸ் எத்தனை, மூக்கு உறைந்துபோகுமா, தயிர் தோயுமா. பின்லாந்தில் டாம்பெரே என்கிற இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. குளிர் பழகிவிட்டது. தயிரும் ஹீட்டர் பக்கத்தில் துண்டு சுற்றி வைத்தால் சமர்த்தாகத் தோய்கிறது. இன்னும் பழகாதது இந்த ஊரின் அமைதி ஒன்றுதான்.

நான் தறி வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பட்டுத் தறி ஓடும். உப்பு தீர்ந்துவிட்டது என்பதையும் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்பதையும் ஒரே சுருதியில், தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றித்தான் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் யாரும் ரகசியம் பேசி நான் பார்த்ததில்லை, பேசியது எதுவும் ரகசியமாக இருந்ததுமில்லை. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் சங்கு. கரண்ட் இல்லாமல் ஊர்ச் சங்கு ஊதாத நாட்களில் தேவியை எழுப்பிப் பாடம் படிக்கச் சொன்னால் போதும் என்று கணக்கு வாத்தியார் சொல்லப்போய், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து, பஸ் டிரைவரிடம்கூடத் தலையை அசைத்தே பேசுகிற ஊரில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? வந்த புதிதில் ஒருநாள் கீழ்வீட்டுப் பெரியவர் எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே யாருக்காவது உதவி தேவைப்படுகிறதா, யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று மிக மெதுவாக விசாரித்தார். அப்போது நானும் என் கணவர் குமரனும் ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா, முழுசாகப் போடுவதா என்று பேசிக்கொண்டிருந்தோம். சண்டை இல்லை, சமையல் என்று புரிய வைப்பதற்குள் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் ஆனது.

ஆனால் என் தொண்டைக்கும் ஒரு காலம் வந்தது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. காது மந்தமான தாத்தாக்களுக்கு அங்கே நான்தான் செல்லப்பிள்ளை. மற்ற நர்சுகள் பேசினால் அவர்கள் காதுக்கருவியைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். நான் வந்தால் கழற்றி வைத்துவிடுவார்கள்.

எங்கள் மகள் மதிக்கு மட்டும் இந்தக் குரல் வரவே இல்லை. நான்கு வயதில் வந்தவள், இப்போது மூன்றாம் வகுப்பு. அவள் பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தூங்கும்போது பின்னிஷ் மொழியில் முனகுகிறாள், அதுவும் மெதுவாகத்தான். அது கலசப்பாக்கத்து ரத்தம் என்பார் குமரன். அவருடைய ஊர் அது. அங்கே எல்லாரும் நாகரிகமாகப் பேசுவார்களாம். என் மாமியார் வயலின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் மேயும் ஆட்டைத் திட்டுவதை இரண்டு காதாலும் கேட்டவள் நான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

2

நாங்கள் வந்து இறங்கிய தேதியில் ஒவ்வொரு வருடமும் கேசரி கிளறுவது வழக்கம். இந்த வருடம் அன்று எனக்கு லீவு. கேசரியை இறக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த மதியின் பையைத் திறந்தேன். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே கழுத்து வரை நிறைந்திருந்தது. முந்தின நாளும் நிறைந்துதான் வந்தது. அதற்கு முந்தின நாளும். மதியைத் தேடினால் காணோம். கோட்டைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடியிருந்தாள்.

கொஞ்ச நாளாக தினமும் இப்படித்தான் ஓடுகிறாள் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. நர்ஸ் இல்லையா, தண்ணீர் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று வேலையில் எல்லாருக்கும் குறித்து வைக்கிறவள். பெற்ற பிள்ளையைக் கவனிக்கவில்லை.

கேசரியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். என் மெதுவே அவளுக்கு அதட்டல் மாதிரிதான் இருக்கும், இருந்தாலும் சொன்னாள். தமிழில் ஆரம்பித்து, அழுகை வந்ததும் பின்னிஷுக்கு மாறிவிட்டாள். வலிக்கிற விஷயம் எல்லாம் அவளுக்கு இப்போது அந்த மொழியில்தான் வருகிறது. அப்போதெல்லாம் நான் தமிழில் எதையாவது கேட்டு அவளைத் திருப்பி இழுக்கப் பார்ப்பேன்.

வகுப்பில் அவளுக்கு ஹீரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஹீரி என்றால் இங்கே எலி. அவள் வாயைத் திறந்தால் போதும், ஓஸ்கரி என்கிற பையனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கீச் கீச் என்று ஆரம்பித்துவிடுவார்களாம். டீச்சர் காதுக்கு எட்டாத அளவுக்கு, வாயை மூடிக்கொண்டே. அதனால் மதி கையைத் தூக்குவதில்லை. கையைத் தூக்காமல் பாத்ரூம் போக அனுமதி கேட்க முடியாது. பாத்ரூம் போக முடியாது என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நாளை ஓட்டுவது எப்படி என்று என் பிள்ளை தனியாக உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நேரம் ஊரில் இருந்திருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருப்பேன். இங்கே செருப்பில்லாமல் நடந்தால் என்னைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். பள்ளிக்கூடச் செயலியில் டீச்சருக்குத் தகவல் அனுப்பினேன். உங்கள் கவலைக்கு நன்றி, வரும் செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணி உங்களுக்கு வசதிப்படுமா என்று பதில் வந்தது. இந்த நாட்டில் அழுவதற்கும் நேரம் குறித்து வாங்க வேண்டும்.

3

செவ்வாய்க்கிழமை வரை சும்மா இருக்கிற வீடா இது? தகவல் வந்த அன்று ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் குமரன் ஒரு யோசனை சொன்னார்.

"எங்க ஊர்ல பேர் வெச்சா பதிலுக்கு ஜல்தியா ஒரு பேர் வெச்சிடுவோம். வுட்டா அந்தப் பேரு ரேஷன் கார்டு வரைக்கும் போயிடும்."

ஊரில் பட்டப்பெயர் இல்லாதவர் யார்? ஒரே தெருவில் அத்தனை குமார் இருக்கும்போது எந்தக் குமார் என்று எப்படிச் சொல்வது? மூக்குக் குமார், புல்லட் குமார், அரைக்கால் குமார். கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறி போட்டு அச்சடிப்பார்கள். அந்த ஞாபகத்தில் எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஓஸ்கரி எப்படி இருப்பான் என்று மதியைக் கேட்டோம். தலைமுடி, புருவம் எல்லாம் ஒரே வெள்ளை என்றாள். தட்டில் ரசம் இருந்தது. குமரன் ரசத்தைப் பார்த்தார், நான் குமரனைப் பார்த்தேன். வெள்ளைப் பூண்டு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மதி புரையேறும் வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில், நாங்கள் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் இடைவேளையில் பனியில் நின்றுகொண்டு அவள் தைரியமாக ஓஸ்கரியை வெள்ளைப் பூண்டு என்று கூப்பிட்டிருக்கிறாள். அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்னொரு முறை சொல்லச் சொன்னானாம். தமிழில் தனக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது என்று மைதானம் முழுக்க வெள்ளப்பூண்ட், வெள்ளப்பூண்ட் என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறான். மணி அடித்து வகுப்புக்குள் வந்ததும் வெள்ளைப் பூண்டும் அவன் கூட்டாளிகளும் வழக்கம்போல் கீச் கீச்.

குமரன் தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதி மட்டும் சிரிக்கவில்லை.

"அவனுக்கு அது வலிக்கல. எனக்கு இது வலிக்குது. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. சங்கு என்று என்னைக் கூப்பிட்டவர்கள் நான் வரும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்தார்கள். கோடைக்குத் திருமலைக்குப் போனால் சங்கை முன்னால் விடு, வழியில் குரங்கு வராது என்று என்னைத்தான் முதலில் மலை ஏறச் சொல்வார்கள். அந்தப் பேர் என்னைக் கூட்டத்துக்குள் இழுத்தது, அதனால் அதை நான் சந்தோஷமாகச் சுமந்தேன். மதியின் பேர் அவளை வெளியே தள்ளுகிறது. பட்டப்பெயர்தானே என்று நாங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியது தப்பு.

4

செவ்வாய்க்கிழமை மதியையும் கூட்டிக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். டீச்சர் பேர் ஹன்னா. இங்கே டீச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசும். எல்லாரும் காலணியை வெளியே விட்டுவிட்டு சாக்ஸோடு உட்கார்ந்திருந்தோம். நான் முதல் நாளே கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைக் கம்பீரமாகச் சொன்னேன். மதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஹன்னா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கேலி செய்வதற்கும் சபலத்துக்கும் பின்னிஷில் சொற்கள் அக்கா தங்கை மாதிரி இருக்கும். என் மகள் வகுப்பில் தினமும் சபலத்துக்கு ஆளாகிறாள், இதை உடனே நிறுத்த வேண்டும் என்று நான் கட்டடமே கேட்கும்படி சொல்லியிருக்கிறேன்.

ஹன்னா நல்ல பெண். சபலத்தைக் கேலியாக மாற்றிப் புரிந்துகொண்டு, தன் காதுக்கு இது எட்டவில்லை என்று மதியிடம் நேராக மன்னிப்புக் கேட்டார். மேஜை மேல் வைக்க ஒரு நீல அட்டை கொடுத்தார். அதைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போகலாம், பாத்ரூமுக்கு இனி யாரையும் கேட்க வேண்டாம். அதன் பிறகு பள்ளியின் நடைமுறை என்று விளக்கினார். எந்தக் கட்டத்தில் யார் கலந்துகொள்வது, எதை எங்கே பதிவு செய்வது என்று பெரிய சமாச்சாரம். கடைசியில் மதி பக்கம் குனிந்து ஒன்று கேட்டார். அந்த மூன்று பேரோடும் அடுத்த வாரம் உட்காரப் போகிறோம். அவர்களிடம் நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா, சேர்ந்து சொல்லலாமா?

மதி நீல அட்டையை எடுத்துப் பையில் பத்திரமாக வைத்தாள். நான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் என்றாள். அவள் அதைச் சொன்னதே ஹன்னாவுக்குக் கேட்கவில்லை, நான்தான் திருப்பிச் சொன்னேன்.

5

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகட்டும் என்று மிக்ஸியைக் காலியாக ஓடவிட்டேன். இரண்டாம் நாள் கீழ்வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். மதியே கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் குனிந்து கேட்டார், யோசித்தார், எட்டு மணி வரை பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மிக்ஸி புகைந்தது.

எங்களையெல்லாம் பேச வைத்தது தறிச் சத்தம்தானே, இங்கே தறிக்கு எங்கே போவது என்று யோசிக்கையில் என் தம்பி சரவணன் ஞாபகம் வந்தது. ஆரணியில் அவனுக்குத் தொழில் ஓகோ என்று ஓடுகிறது. அவன் பெண்டாட்டி செல்வி தறியில் உட்காருவாள், இவன் போனில் நேரலை போட்டு, அதோ பாருங்க தறியிலேயே காட்டறேன் என்று கத்திக் கத்திப் புடவை விற்பான். இங்கே சாயங்காலம் நான்கு மணி, வெளியே இருட்டிவிட்டது. அங்கே ஏழரை. கூப்பிட்டேன். சொல்லு பாப்பா, மாமா காதுல உழற மாதிரி சொல்லு என்று போனைத் தறிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டான்.

மதி சொன்னாள். "கேக்கல பாப்பா" என்றான். இன்னொரு முறை சொன்னாள். கேட்கவில்லை. மூச்சை இழுத்துக் கத்தினாள். குரல் பிளந்து, சரியாக ஒரு கீச் வந்தது. பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்களோ அதே சத்தம். அவள் முகம் அப்படியே சுருங்கிப்போனது. போனை வைத்துவிடலாம் என்று நான் கையை நீட்டினேன்.

அவள் என் கையைத் தள்ளினாள். தலையைச் சாய்த்துத் தறியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். செல்வி ஊடு இழையை அடித்து இறக்கும்போது ஒரு தடக். அடுத்த தடக் வருவதற்குள் கொஞ்சம் இடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த இடத்தில்தான் பேசுவோம். மூச்சு விடுவது மாதிரி அது, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. மதி அதைத் தானாகவே பிடித்துவிட்டாள். கத்தவில்லை. தன் சாதாரணக் குரலிலேயே, ஒரு தடக்குக்கும் அடுத்த தடக்குக்கும் நடுவில் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"என்னை." தடக். "அப்படி." தடக். "கூப்பிடாத."

செல்வி தறியை நிறுத்திவிட்டாள். நன்றாகக் கேட்டது கண்ணு என்றாள். அப்புறம்தான் சரவணன் நாக்கைக் கடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னான். இன்னொரு போனில் நேரலை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. புடவை பார்க்க வந்த அத்தனை பெண்களும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதை அவன் படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது.

"வந்தவாசி அக்கா ஒருத்தங்க கேக்கறாங்க, பாப்பாவ யாரு பேஜார் பண்ணிகினு கீறதுன்னு. இன்னொருத்தங்க இன்னொரு தபா சொல்லச் சொல்றாங்க. அந்த மாம்பழக் கலர் புடவ எவ்ளோன்னும் கேட்டுகினு கீறாங்க."

மதி இன்னொரு தபா சொன்னாள். அதற்கு மேலும் சொன்னாள். முகம் தெரியாத பெண்களெல்லாம் அங்கிருந்து கைதட்டும் படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நானும் மதியும் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தோம். மாம்பழக் கலர் அன்றே விற்றுவிட்டது, பாப்பா ராசி என்று சரவணன் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான்.

6

அந்த மூன்று பேரோடும் மதி உட்கார வேண்டிய நாள் வந்தபோது எனக்கு வேலை. கை வேலை செய்தது, மனசு பள்ளிக்கூடத்தில் இருந்தது. சர்க்கரையே ஆகாத ஒரு தாத்தாவின் காபியில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, அவர் ஆசையாக எடுப்பதற்குள் பிடுங்கி ஊற்றினேன். இந்த ஊரில் நான் பேசாமல் இருந்த ஒரே நாள் அது. உடம்பு சரியில்லையா என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் மதி வாசல் மிதியடி மேல் சாக்ஸோடு நின்றுகொண்டு, என்னைக் கோட்டைக் கழற்றக்கூட விடாமல் நடித்துக் காட்டினாள். ஹன்னா பக்கத்தில் நின்றாராம். மதி வாயைத் திறந்ததும், பழக்க தோஷம், ஒருவன் கீச் என்றானாம். அவள் நிறுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

"கீச் கீச்னு கத்தறவனும் மூச்சு வுடணும் இல்லம்மா? அப்ப சொன்னேன். என் பேரு எலி இல்ல. மறுபடி கத்தினான். மூச்சு வுட்டான். என் பேரு மதி. அப்புறம் அவனுக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

மூன்றாவது கீச் வரவே இல்லையாம். அந்த அமைதியில் முழு வாக்கியமும் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அப்படிச் செய்ததால் நான் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன் என்று. ஓஸ்கரிக்குக் காது சிவந்துபோனதாம். தண்ணீர் விஷயம் அவனுக்குத் தெரியாதாம். இனிமேல் செய்ய மாட்டேன் என்று மூன்று பேரும் ஹன்னா முன்னால் சொன்னார்கள். ஹன்னா அதோடு விடவில்லை, தினமும் கவனிக்கிறேன், வெள்ளிக்கிழமைதோறும் உன்னைத் தனியாகக் கேட்பேன் என்று மதியிடம் சொல்லியிருக்கிறார்.

ஓஸ்கரி தன் தமிழ்ப் பேருக்கு அர்த்தம் கேட்டானாம். பூண்டு என்று மதி சொல்லிவிட்டாள், உன்னைக் கேட்காமல் வைத்தது தப்பு என்றும் சொன்னாள். அவன் நிறைய யோசித்துவிட்டு, பூண்டு ரொட்டி தனக்குப் பிடிக்கும், அதனால் அந்தப் பேர் இருக்கட்டும் என்றானாம். எனக்கு எலி வேண்டாம் என்றாளாம் இவள். சரி என்றானாம். அவரவர் பேரை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது மூன்றாம் வகுப்பில் சாக்ஸோடு நின்று தீர்மானமாகிவிட்டது. மூக்குக் குமாரிடம் இதை யாராவது என்றைக்காவது கேட்டிருப்பார்களா?

இது எல்லாவற்றையும் அவள் தமிழிலேயே சொன்னாள் என்று எனக்கு உறைக்கவே வெகுநேரம் ஆனது. உறைத்ததும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தால் ஏன் அழுகிறாய் என்று அதையும் தமிழிலேயே கேட்டாள்.

போன வாரம் செயலியில் ஹன்னாவிடமிருந்து ஒரு தகவல். மதி பாட நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்களோடு மிக அதிகமாகப் பேசுகிறாள், தயவுசெய்து வீட்டில் இது பற்றி அவளோடு பேசவும். குமரன் அதைப் படித்துவிட்டு நேராகப் போய் ரவையை எடுத்தார். இந்த வருடத்தின் இரண்டாவது கேசரி அன்று தயாரானது. கீழ்வீட்டுப் பெரியவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினோம்.

கேசரியோடு உட்கார்ந்து, அதிகமாகப் பேசுவது பற்றி அவளோடு பேச வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பையைத் திறந்தேன். பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை.

"பெரிய பாட்டிலா வாங்கிக் குடும்மா" என்றாள் மதி. "பேசிகினே இருந்தா தொண்ட காஞ்சி போவுது."